செப்பேட்டில் உறங்கிய பாட்டு

அச்சு வருவதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் ஓர் எழுத்தாளர் எப்படிப் படித்தார், அவர் எழுதியதை யார் படித்தார்கள் என்பது இன்றைய தலைப்பு. தமிழ்க் கூட்டத்தில் இந்தத் தலைப்பைக் கொடுத்தால் பேச்சு உ.வே.சாமிநாதையரில் தொடங்கி அவரிலேயே முடியும். அவரை நானும் தொடாமல் போகப் போவதில்லை. ஆனால் திருப்பதியில் நின்றுகொண்டு பேசுகிறவன் முதலில் மலையைத்தான் பார்க்க வேண்டும். ஏடு, எழுத்து, வாசிப்பு என்ற மூன்றும் ஒன்றுக்கொன்று என்ன உறவு என்று காட்டுகிற ஒரு விசித்திரமான வழக்கு அங்கே இருக்கிறது.

1816ஆம் ஆண்டு சென்னையில் ஏ. டி. கேம்பெல் என்ற கம்பெனி அதிகாரி தெலுங்கு இலக்கணம் ஒன்றை அச்சிட்டார். தமிழர்களுக்கும் அந்தப் புத்தகம் முக்கியமானது. தென்னாட்டு மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று எல்லிஸ் எழுதிய குறிப்பு அதன் முகப்பில்தான் வெளிவந்தது. கால்டுவெலுக்கு 40 ஆண்டுகள் முந்தியது அது. அதே புத்தகத்தின் முன்னுரையில் கேம்பெல் போகிறபோக்கில் ஒரு செய்தி சொல்கிறார். திருப்பதி மலைக் கோயிலில் ஆயிரக்கணக்கான செப்புத் தகடுகளில் பொறித்த பாட்டுகளை ஒரு பிராமணக் குடும்பம் காத்துவருகிறது என்று கேள்விப்பட்டு, பார்த்துவர ஓர் ஆளை அனுப்பினாராம். போனவர் அதில் ஓர் இலக்கண நூல் இருப்பதைக் கண்டு அதை மட்டும் பெயர்த்து எழுதிக்கொண்டு வந்தார். மற்றவை எல்லாம் சுவாமியைப் பற்றிய துதிகள்தான், வேறொன்றும் இல்லை என்று கேம்பெல் அதோடு விஷயத்தை முடித்துவிட்டார்.

அந்த "வேறொன்றும் இல்லை"தான் தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரின் சங்கீர்த்தனங்கள்.

இதற்காகக் கேம்பெல்லைக் கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை. இலக்கணம் எழுதுகிறவர் இலக்கணம் தேடினார், அது கிடைத்தது. அவருக்குச் சற்று முன்பு, 1803இல், சித்தூரில் கலெக்டராக இருந்த ஸ்டிராட்டன் இதே கோயிலைப் பற்றி விரிவான அறிக்கை ஒன்றை மேலிடத்துக்கு அனுப்பினார். என்னென்ன பூசை, எவ்வளவு செலவு, எங்கெங்கே நிலம் என்று எல்லாம் பட்டியலாக இருந்தன. 1821இல் கோயில் நிர்வாகத்துக்குப் புரூஸ் விதிகள் வகுக்கப்பட்டன. கம்பெனிக்காரர்கள் கோயிலை நன்றாகவே படித்தார்கள், ஆனால் கணக்கைப் படித்தார்கள். பாட்டைப் படிக்க வந்தவர் என்று ஒருவரும் இல்லை.

வெளியாரை விடுங்கள், உள்ளூரார் படித்தார்களா? அங்கேதான் சிக்கல்.

அன்னமய்யா என்று நாம் அழைக்கும் அன்னமாச்சாரியார் இன்றைய கடப்பைப் பக்கத்துத் தாள்ளபாக்கத்துக்காரர். பதினாறு வயதில் பாடத் தொடங்கினார் என்று செப்பேட்டின் தலைப்புக் குறிப்பே சொல்கிறது. கணக்கிட்டால் பாடத் தொடங்கியது 1424, மறைந்தது 1503 பிப்ரவரி. நாளுக்கு ஒரு பாட்டாவது பாடுவது என்று விரதம்போல் வைத்துக்கொண்டிருந்தார் என்பது குடும்ப வழக்கு. மொத்தம் 32,000 என்கிறது மரபு. இப்போது கையில் இருப்பவை சுமார் 12,000. அவருடைய மனைவி திம்மக்கா சுபத்ரா கல்யாணம் பாடியவர். மகன் பெத்த திருமலாச்சாரியார், பேரன்மார் சின்ன திருமலாச்சாரியார், சின்னண்ணா என்று மூன்று தலைமுறை எழுத்தாளர் வீடு அது. பேரன் சின்னண்ணா தாத்தாவின் வாழ்க்கையை ஈரடிப் பாட்டில் எழுதிவைத்திருக்காவிட்டால், அவர் என்ன கேட்டார், யாரிடம் பயின்றார் என்று நமக்குத் தெரிய வழியே இல்லை.

அந்தப் பேரன் சொல்லும் கதையில், அன்னமாச்சாரியார் அமர்ந்து புத்தகம் படிக்கிற காட்சியைவிட, யாரிடமோ கேட்கிற காட்சிகள்தான் கண்ணில் நிற்கின்றன. அகோபிலத்தில் ஆதிவண் சடகோப யதியிடம் வேதாந்தம் கேட்கிறார். மலையில் ஆழ்வார் பாசுரம் ஓதுவதைக் கேட்கிறார். தமிழ்ப் பிரபந்தம் தெரியாதவர் அந்தத் தெலுங்குப் பதங்களைப் பாடியிருக்க முடியாது. தலைவியும் தோழியும் தூதும் ஊடலும் எங்கிருந்து அங்கே போயின என்று நம் வைணவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெலுங்கு வைணவர்கள் பிரபந்தத்தைத் தெலுங்கு எழுத்தில் எழுதிவைத்துத் தமிழாகவே ஓதிவந்தவர்கள். இந்தப் பகுதியில் வடமொழி ஏடு தெலுங்கு எழுத்திலும் கிடைக்கும், கிரந்தத்திலும் கிடைக்கும். மொழி ஒன்று, எழுத்து இன்னொன்று என்பதை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திருமலைச் சுவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன, பெரும்பாலானவை தமிழில். தேவஸ்தானமே 1930களில் அவற்றைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. அவற்றில் இந்தத் தாள்ளபாக்கம் குடும்பத்தார் அளித்த கட்டளைகளும் உண்டு. தெலுங்கில் பாடிய வீட்டுக்காரர், தமிழ்க் கல்வெட்டில் "திருமலை ஐயங்கார்" ஆகி நிற்கிறார்! எத்தனை பொன், எந்த ஊர் ஏரிக்கு, எந்த நாளில் எத்தனை படி அரிசித் தளிகை என்று வரவுசெலவு முழுவதும் தமிழில் நடந்திருக்கிறது. (எல்லைப் போராட்டத்தை இந்த மேடைக்கு இழுக்க நான் வரவில்லை. 1960இல் திருத்தணி அந்தப் பக்கம் போனது, திருப்பதி இந்தப் பக்கம் நின்றது. ஏடுகளுக்கு அந்தக் கோடு தெரியாது என்று மட்டும் சொல்லி நகர்கிறேன்.)

இனி ஏட்டுக்கு வருவோம். ஓலையை வெட்டி, வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றி, துளையிட்டு, கயிறு கோத்து எழுதினார்கள். எழுத்தாணி ஓலையைக் கீறும், அவ்வளவுதான். கீறிய எழுத்து உடனே கண்ணுக்குத் தெரியாது. கரியும் கோவையிலைச் சாறும் கலந்து தடவித் துடைத்த பிறகே எழுத்து கறுத்துத் தெரியும். தமிழ் ஏட்டில் புள்ளி கிடையாது. குத்தினால் ஓலை கிழியும். அதனால் மெய்யும் உயிர்மெய்யும் ஒன்றாகத் தோன்றும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒரே கோடு. சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை, பாட்டை அடி பிரித்து எழுதுவதும் இல்லை.

இப்படிப்பட்ட ஏட்டை எடுத்த எடுப்பில் கண்ணால் ஓட்டிப் படித்துவிட முடியாது. வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஓசை பொருந்துகிற இடத்தில்தான் அது குறிலா நெடிலா, ஒற்றா உயிர்மெய்யா என்பது பிடிபடும். நான் இதைக் கொஞ்சம் மிகைப்படுத்தியே சொல்கிறேன்: ஏற்கெனவே தெரிந்த பாட்டைத்தான் ஏட்டில் படிக்க முடியும். தெரியாத பாட்டைப் படிக்க, தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும். சாமிநாதையர் சிந்தாமணியோடு பட்ட பாடெல்லாம் அதனால்தான். சமண மரபு தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்த பிறகே அந்த ஏடு வாய் திறந்தது.

சாமிநாதையரின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இளமையில் தண்டியலங்காரம் படிக்க ஆசைப்பட்டார். திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில் அந்த நூல் ஒரு பரதேசியிடம் இருந்தது. வீடு வீடாகப் பிச்சை எடுக்கிற அந்த மனிதர் லேசில் ஏட்டைத் தருபவர் அல்லர். பிள்ளை அவர் பின்னாலேயே நடந்து, அவருக்கு வேண்டியதையெல்லாம் வாங்கிக் கொடுத்து, மனம் குளிரவைத்து அந்த நூலைக் கற்றுக்கொண்டார். இன்று ஒரு நூல் வேண்டுமென்றால் விலையைப் பார்க்கிறோம். அன்று அந்த நூலை வைத்திருக்கும் ஆளைப் பார்த்தார்கள், அவர் குணத்தைப் பார்த்தார்கள். அவர் பிச்சைக்குப் போகிற தெருவெல்லாம் கூடப் போனார்கள். பின்னாளில் இதே பிள்ளை தலபுராணம் பாடும்போது வாயால் சொல்லிக்கொண்டே போவார், மாணாக்கர் ஏட்டில் எழுதிக்கொண்டே போவார்கள். "பிள்ளையவர்களின் கையெழுத்துப் பிரதி" என்று நாம் இன்று தேடினால், அதில் பாதி வேறு யாருடைய கையெழுத்தோதான்.

ஆகவே படித்தல் என்பது பெயர்த்தெழுதுதலும் சேர்ந்தது. நம் வெயிலிலும் மழையிலும் செல்லிலும் ஓர் ஓலைச்சுவடி இருநூறு, முந்நூறு ஆண்டு தாங்கினால் பெரிது. அதற்குள் யாராவது உட்கார்ந்து வேறு ஓலையில் எழுதியாக வேண்டும். எழுதுகிறவர் படித்தாக வேண்டும். இது எழுதத் தகுந்ததா, விட்டுவிடலாமா என்று முடிவு செய்தாக வேண்டும். முதுகும் இடுப்பும் கழுத்தும் ஒடிய எழுதியிருக்கிறேன், எண்ணெயிலும் நீரிலும் படாமல் காப்பாற்றுங்கள் என்று கடைசி ஏட்டில் எழுத்துக்காரர் புலம்பிவைப்பது வடமொழிச் சுவடிகளில் பழைய வழக்கம். அந்தப் புலம்பல்தான் அந்த நூல் அந்தத் தலைமுறையில் ஒருவராலாவது முழுதாகப் படிக்கப்பட்டது என்பதற்குச் சான்று.

தாள்ளபாக்கம் வீட்டார் செய்தது இதற்கு நேர்மாறு. பெத்த திருமலாச்சாரியார் காலத்தில், விஜயநகரத்துச் செல்வம் மலைமேல் கொட்டிக்கொண்டிருந்த பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பாட்டுகளைச் செப்புத் தகட்டில் வெட்டவைத்தார்கள். ஒன்றிரண்டு அல்ல, இரண்டாயிரத்துக்கு மேல். கோயிலுக்குள்ளேயே கல்லால் ஓர் அறை, சங்கீர்த்தன பண்டாரம். வாசலின் இரு பக்கமும் தந்தை, மகன் இருவர் உருவமும் செதுக்கியிருக்கிறது. செப்புத் தகடு தானச் சாசனத்துக்கு உரியது. நிலத்துக்குப் பின்னாளில் வழக்கு வரும், ஆதாரம் வேண்டும், அதனால் செம்பில் வெட்டுவார்கள். பாட்டைச் சொத்துப்போல் பாவித்து, பாட்டுக்குச் சாசனம் எழுதிய குடும்பம் இந்தியாவில் வேறு ஏதும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

சாசனம் எப்படிப் பயன்படுமோ அப்படியே இதுவும் பயன்பட்டது. வழக்கு வராதவரை யாரும் பெட்டியைத் திறப்பதில்லை. 1565இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் விஜயநகரத்து ஆதரவு வற்றியது. செம்பைச் செல் அரிக்காது. அரிக்காததைப் பெயர்த்தெழுத வேண்டியதில்லை. பெயர்த்தெழுத வேண்டாததைப் படிக்கவும் வேண்டியதில்லை. மூன்று நூற்றாண்டுக்கு மேல் அந்தக் கல்லறைக்குள் பாட்டு பத்திரமாக இருந்தது, கேம்பெல்லின் ஆள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனதைத் தவிர. அந்த ஆள் இலக்கணம் என்று கண்டது, அன்னமாச்சாரியார் வடமொழியில் எழுதிய சங்கீர்த்தன லட்சணத்துக்குப் பேரன் செய்த தெலுங்கு வடிவமாகவே இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

செம்பின் மேல் நான் குற்றம் சாட்டுவதாக நினைத்துவிடாதீர்கள். எதிர்த்தரப்பு வாதம் வலுவானது. சங்கீர்த்தன லட்சணத்தின் வடமொழி மூலம் இன்று இல்லை. அன்னமாச்சாரியார் ஈரடியில் ராமாயணம் பாடியதாகச் சொல்கிறார்கள், அதுவும் இல்லை. பன்னிரண்டு சதகம் என்பார்கள், எஞ்சியது ஒன்று. செம்பு ஏறாதவை போய்விட்டன. செம்பு இல்லாவிட்டால் 12,000 பாட்டும் அதே வழியில் போயிருக்கும் என்று யாராவது சொன்னால் என்னால் மறுக்க முடியாது. ஆனால் சொல்லைக் காத்த செம்பு மெட்டைக் காக்கவில்லை. பாட்டின் தலையில் ராகத்தின் பெயர் மட்டும் இருக்கிறது. தாளம் இல்லை, சுரம் இல்லை. சுரக்குறிப்போடு பொறித்த கற்பலகைகள் திருமலையில் பின்னர் கிடைத்தது உண்மைதான், அவை சில உருப்படிகளுக்கு மேல் போகவில்லை. மெட்டு வாயிலிருந்து வாய்க்குத்தான் போகும். பெட்டியை மூடியபோது அந்த வழி அடைபட்டுவிட்டது.

இந்தப் பக்கத்துக்கு இன்னொரு எழுத்தாளரைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன். தரிகொண்ட வேங்கமாம்பா, 1730 முதல் 1817 வரை. கேம்பெல்லின் ஆள் மலையேறிய காலத்தில் இந்த அம்மையார் உயிரோடிருந்தார், மலைமேலேயே இருந்தார்! வாயல்பாட்டுக்கு அருகே தரிகொண்டாவில் பிறந்தவர், நம் பழைய சித்தூர் மாவட்டத்துப் பெண். சிறுவயதில் கைம்பெண் ஆனவர், தலைமுடி களையவும் பொட்டை அழிக்கவும் மறுத்து ஊராரோடு மல்லுக்கு நின்றவர், பிறகு மலைக்கு வந்துவிட்டவர். வேங்கடாசல மகாத்மியம் எழுதினார். பாகவதத்தை ஈரடியில் பாடினார். யோகவாசிட்டத்தைத் தெலுங்கில் தந்தார். யட்சகானங்களும் உண்டு. தான் முறையாக எழுத்தும் யாப்பும் பயின்றவள் அல்லள் என்று தன் காவியத்திலேயே சொல்லிக்கொள்கிறார்.

இதை அவையடக்கம் என்று தள்ளுகிறவர்கள் உண்டு. தெய்வ அருள் என்று கைகூப்புகிறவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் வேண்டாம். யோகவாசிட்டத்தை மொழிபெயர்த்தவர் வாசிட்டத்தைப் படித்தவர்தான். கண்ணால் படித்தாரா காதால் படித்தாரா என்பதுதான் கேள்வி. போத்தன்னாவின் பாகவதம் தெலுங்கு நாட்டில் எழுத்தறியாதவர் வாயிலும் புழங்கிய நூல். கோயில் முன்மண்டபத்தில் மாலைதோறும் புராணம் நடக்கும். ஒருவர் மூலம் வாசிக்க இன்னொருவர் பொருள் சொல்வார். மதனப்பள்ளியில் ரூபாவதாரம் சுப்பிரமணிய சாஸ்திரி என்ற குரு அவருக்கு வாய்த்தார். பள்ளிக்கூடத்துக்குப் போகாத பெண்ணுக்கு இதைவிடப் பெரிய நூலகம் அன்று கிடையாது. ஆண்களுக்கும்கூட அதிகம் கிடையாது. என்ன வேறுபாடு என்றால், ஆண்கள் கேட்டதைக் கற்றேன் என்றார்கள், அம்மையார் கேட்டதைக் கல்லேன் என்றார்.

வேங்கமாம்பாவுக்குச் செப்பேடு வெட்ட ஆளில்லை. அவருடைய காவியம் ஓலையிலும் பிறகு காகிதத்திலும் கைமாறி, அச்சு வந்தவுடன் அச்சேறி, வீடுகளில் பாராயணமானது. மலைக்கோயிலில் இரவு ஏகாந்த சேவையின்போது இன்றும் தாள்ளபாக்கத்தார் தாலாட்டும் தரிகொண்டவார் முத்தியால ஆரத்தியும் நடக்கின்றன. அன்னமாச்சாரியார் பாட்டில் எந்தச் சிறு பகுதி தினம் பாடப்பட்டதோ அது செப்பேட்டின் தயவில்லாமல் நின்றது. மற்றவை காத்திருந்தன.

எவ்வளவு காலம்? 1922இல் தகடுகள் மலையிலிருந்து இறக்கப்பட்டுக் கீழ்த் திருப்பதி தேவஸ்தான அலுவலகத்துக்கு வந்தன. கல்வெட்டாய்வாளர் சாது சுப்பிரமணிய சாஸ்திரியின் பெயர் இதில் மறக்கக் கூடாதது. 1930களின் நடுவில் அச்சு தொடங்கியது. 1939இல் தேவஸ்தானம் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தைத் தொடங்க, சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் பழுத்த அனுபவம் பெற்ற வேட்டூரி பிரபாகர சாஸ்திரி இங்கே வந்தார். சின்னண்ணா எழுதிய வாழ்க்கை வரலாற்றை அவர்தான் 1940களின் இறுதியில் பதிப்பித்தார். 1950இல் காலமானார். அவருக்குப் பின் ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா. இலக்கியமும் சங்கீதமும் ஒருங்கே தெரிந்தவர். தகட்டில் ராகப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பாட்டுக்கு மெட்டமைத்தார். இன்று நாம் கல்யாணத்திலும் காரிலும் கேட்கிற அன்னமய்யா பெரும்பாலும் ராள்ளபள்ளியும் நேதுநூரியும் பாலமுரளியும் இருபதாம் நூற்றாண்டில் தந்த அன்னமய்யா. எம்.எஸ். அம்மா பாடியவுடன் தமிழ்நாட்டு வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டார். சொல் பதினைந்தாம் நூற்றாண்டு, மெட்டு நம் தாத்தா காலம். இதில் எனக்கு வருத்தமில்லை. பாடத் தெரிந்த ஒருவர் படித்ததால்தான் தகடு பேசியது.

இதே திருப்பதியில் வாழ்ந்த இன்னொரு ஏட்டுப் பித்தர் மானவல்லி ராமகிருஷ்ண கவி. நன்னெசோடனின் குமாரசம்பவத்தை உலகுக்குக் கொடுத்தவர். பரதரின் நாட்டிய சாத்திரத்தை அபிநவகுப்தர் உரையோடு பதிப்பித்தவர். அந்த உரை ஏடு கேரளப் பக்கத்தில் பிழை மலிந்து கிடைத்தது. ஊர் ஊராகச் சுற்றி ஏடு சேர்த்தவர் 1957இல் வறுமையில் மறைந்தார். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு சொற்பொழிவு வைக்கலாம்.

கீழ்த்திசை நிறுவனம் 1956இல் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. ஓலைகள் இன்றும் இந்த ஊரில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. தெலுங்கு, கிரந்தம், தமிழ், நாகரி எல்லாம் உண்டு. எலுமிச்சம்புல் எண்ணெய் தடவுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். 2003இல் தேசியச் சுவடி இயக்கம் வந்தபின் படம் எடுக்கும் வேலை நாடு முழுதும் வேகம் பிடித்தது. நல்ல வேலைதான். ஆனால் இன்றைக்கு நான் சொல்லிக்கொண்டு வந்தது உங்களுக்கு நினைவிருந்தால், இந்தப் படக்கோப்பு எதன் வாரிசு என்று புரியும். அரிக்காது, மட்காது. அதனாலேயே யாரும் அவசரமாகத் திறந்து படிக்கவும் மாட்டார்கள். ஓலையைப் படமெடுக்கிறவர் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமலே நாளுக்கு நூறு ஏடு முடித்துவிடலாம். பழைய எழுத்துக்காரர் ஒரு கட்டு முடிப்பதற்குள் அந்த நூலில் பாதி அவருக்கு மனப்பாடமாகியிருக்கும்.

அதனால் இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையாருக்கு ஒரு விண்ணப்பம். வைப்புத்தொகைக்கு ஆண்டுதோறும் வரும் வட்டியில் என்னைப் போன்ற ஒருவரை அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறீர்கள். ஓர் ஆண்டு விட்டு ஓர் ஆண்டு அந்தப் பணத்தை ஒரு மாணவருக்கோ மாணவிக்கோ கொடுங்கள். ஒரே ஒரு சுவடி, நூறு ஏட்டுக்கு உட்பட்டது. அதைப் படித்துக் கையால் பெயர்த்தெழுத வேண்டும். எழுத்தாணி வேண்டாம், கோடு போட்ட நோட்டும் பென்சிலும் போதும். சந்தேகம் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல கிரந்தமும் பழந்தமிழ் எழுத்தும் தெரிந்த ஒரு பெரியவருக்கும் சிறு தொகை கொடுக்க வேண்டும். அப்படிப்பட்ட பெரியவர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. ஆண்டு முடிவில் இதே மண்டபத்தில் அந்த மாணவர் ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டு வாசிக்க வேண்டும். தமிழ் ஏடாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தெலுங்கு ஏடானாலும் சரி, மருத்துவ ஏடானாலும் சரி, மாட்டு வாகடமானாலும் சரி. கூட்டம் சேராது என்று பயப்பட வேண்டாம். வாசிப்பு நடக்கிற அன்று கேட்க நான் வருகிறேன், பேருந்துக் கட்டணம் என் செலவு.